மூன்றாம் பகுதி: கோட்டைச் சுவர்

பேண்டு வாசித்துக்கொண்டிருந்த முதல் பகுதி, தர்பார், முடிவதற்கு இன்னும் பத்துப் பதினைந்து தாளக்கட்டு, பேண்டுக்காரர் பாஷையில் பார், இருக்கும்போதுதான் தேவபிச்சை அந்த ஆளைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரத்து நாற்காலியில், வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் கைத்தடியின் தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதன்மேல் தாடையை ஊன்றியபடி ஒரு கிழவர். பார்த்ததே தப்பாகப் போயிற்று. பார்க்காமல் இருந்திருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலமும் மற்றதைப் போலக் கழிந்திருக்கும். அடிக்க வேண்டிய இடத்தில் அடித்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, டீயைக் குடித்து, டிரம்மையெல்லாம் வேனில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய், வீங்கின காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். காலையில் ஏழு மணியிலிருந்து நின்றுகொண்டிருக்கிற கால். பேஸ் டிரம்மை இடது உள்ளங்கையால் அமுக்கிச் சத்தத்தை நிறுத்தினார். சிம்பலை எடுத்தார். எதிரே முப்பத்துநாலு பேரின் முதுகு. ஓய்வு பெற்ற போலீஸ் பேண்டுக்காரர்கள், சர்ச்சில் டிரம்பெட் ஊதுகிறவர்கள், இரண்டு வாத்தியார்கள், புல்லாங்குழலோடு கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர். அத்தனை முதுகுக்கும் அப்பால் பேண்டை நடத்துகிற ஜெசிந்தாவின் கை மேலே போனது, கீழே வந்தது, அவரும் அடித்தார், பாட்டில் ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட்டார், கூட்டம் தட்டியது. கிழவர் தட்டவில்லை. தாடையைக் கைத்தடியிலிருந்து எடுக்கவில்லை. இடது தோள் வலதைவிட ஒரு விரல்கடை தூக்கித்தான் இருக்கிறது. சுமை தூக்கின தோள். ஆனால் தோள் தூக்கின கிழவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், மார்க்கெட்டுக்குப் போனால் பத்துப் பேரைப் பார்க்கலாம், அத்தனை பேரும் மாடக்கண்ணு ஆகிவிடுவார்களா. மாடக்கண்ணு இன்னும் இருப்பாரா என்பதே தெரியாது. இருந்தால் எழுபதைத் தொட்டிருப்பார். அவனுக்கு, இல்லை, அவருக்கு, அப்போதே இருபத்தெட்டோ இருபத்தொன்பதோ. ஏழெட்டு வயது மூத்தவரை அந்தக் காலத்தில் நாடகக் கம்பெனியில் எல்லாரும் வா போ என்றுதான் கூப்பிட்டார்கள், தேவபிச்சையும் அப்படித்தான் கூப்பிட்டார். மெத்தை போடுகிறவனை யார் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள்.

ஜெசிந்தா பக்கத்தைத் திருப்பினாள். இரண்டாம் பகுதி, ஆற்றங்கரை. இதில் அவருக்கு வேலை கிடையாது, டிரையாங்கிளில் ஏழு தட்டு, அவ்வளவுதான். ஸ்டூலில் உட்கார்ந்தார். முழங்கால் மடங்கும்போது உள்ளே யாரோ அப்பளத்தை நொறுக்குவதுபோல இருந்தது. கிளாரினெட்டுகள் மெதுவாக ஆரம்பித்தன, இது நாடகத்தில் ராணியின் தோழிகள் பாடுகிற பாட்டு, ஓடம் வரவில்லை, ராணி காத்திருக்கிறாள், தோழிகள் ஆளுக்கொரு வரி பாடுவார்கள். தோழிகளாக நின்ற மூன்று பேரில் இரண்டு பேர் மீசை மழித்த ஆண்கள். அதை இந்தப் பெண் கிளாரினெட்டுக்கு எழுதியிருக்கிறாள். அவள் அப்பா, கம்பெனிக்குப் பாட்டுப் போட்ட சிகாமணி வாத்தியாரின் ஆர்மோனியத்தில் இடது கை பிடித்த சுதியை டியூபாவுக்குக் கொடுத்திருக்கிறாள். வாத்தியாருக்கு இடது கையில் சுண்டு விரல் நிமிராது, அதனால் ஒரு சுரம் எப்போதும் கொஞ்சம் தாமதமாக வந்து ஒட்டிக்கொள்ளும், அதையும் விடாமல் எழுதியிருக்கிறாள், அப்பாவைப் போலவே ஊத வேண்டும் என்று டியூபா ஊதுகிற மனுஷனை நாலு வாரம் பாடாய்ப் படுத்தினாள். மாசி மாதம் ஒரு மத்தியானம் துணிப்பையில் ஆறு நோட்டுப் புத்தகங்களோடு வீட்டுக்கு வந்தாள். ஸ்கூலில் மியூசிக் டீச்சர், வெயிலில் முகம் கறுத்து, உட்காருவதற்கு முன்னாலேயே பேச ஆரம்பித்துவிட்டாள். அப்பா மூணு சரித்திர நாடகத்துக்குப் போட்ட மியூசிக் அண்ணாச்சி, கரையான் தின்னது போக மிச்சம் இது, நாலு துண்டா எடுத்து பேண்டுக்கு எழுதிட்டேன், இருபத்திரண்டு நிமிசம் வருது. புஷ்பம் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். தேவபிச்சை நோட்டைத் தொடவில்லை. என்னென்ன நாடகம் என்று மட்டும் கேட்டார். கேட்கும்போதே தெரியும். அவள் விரல் விட்டுச் சொன்னாள், மூன்றாவதாகச் சங்கிலிக் கோட்டை என்றாள், கோட்டைச் சுவர்ல அந்தத் தளபதி சாவாருல்லா அந்தச் சீன் முழுசா எடுத்துருக்கேன், கடைசில ஒரே ஒரு அடி, அந்த வெண்கலத் தட்டு, இப்ப காங்குன்னு சொல்லுவோம், அதுக்கு முன்னால நாப்பத்தாறு பார் உங்களுக்கு ஒண்ணும் கிடையாது, எண்ணிக்கிட்டே நிக்கணும், அதுக்கு நீங்கதான் வரணும், அப்பா சாகிற வரைக்கும் சொல்லுவாங்க, தேவபிச்சை எண்ணிக்கை தப்பாதுன்னு. அப்போதே முடியாது என்று சொல்லியிருக்கலாம். சர்க்கரை, முழங்கால், ராணுவ பேண்டிலிருந்து வந்து பதினேழு வருஷமாயிற்று, என்னத்தையாவது சொல்லியிருக்கலாம். போங்களேன், வீட்டுல சும்மாதான இருக்கிய என்றாள் புஷ்பம். புஷ்பத்துக்கும் தெரியாது. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவளிடம் சொல்லாதது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டார், அது ஒன்றைத் தவிர வேறென்ன இருந்தது சொல்ல. டிரையாங்கிள். தட்டினார். சரியான இடம்தான். ஓடம் வந்துவிட்டது, துடுப்பு தண்ணீரைத் தொடுகிற சத்தம் அது. கிழவர் கண்ணை மூடியிருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், நாற்பத்தைந்து ஐம்பது வயது இருக்கும், மடியில் குடையும் பிளாஸ்டிக் பையும், அவள் பாட்டைக் கேட்கவில்லை, மேடையில் எதையோ தேடுகிற மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் பகுதி. எழுந்து நின்றார். காங் அவருக்கு இடது பக்கம் சட்டத்தில் தொங்கியது, மார்பளவு அகலம், மஞ்சள் கறுத்த வட்டம். கட்டையை எடுத்துக்கொண்டார், துணி சுற்றின தலை, தேங்காய் கனம். ஜெசிந்தா அவரை ஒரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டுக் கையைத் தூக்கினாள். ஒரு பாருக்கு நாலு தட்டு. நாற்பத்தாறு பார் முடிந்து, நாற்பத்தேழாவதன் முதல் தட்டில் அடி. மெதுவான நடை, மொத்தம் மூன்று நிமிஷம். ஒன்று இரண்டு மூன்று நாலு, இரண்டு இரண்டு மூன்று நாலு, மூன்று இரண்டு மூன்று நாலு. யூபோனியம் குழல் தனியாகப் பேச ஆரம்பித்தது, அது தளபதியின் பேச்சு, சுவர்மேல் ஏறி நின்று கீழே இருக்கிற எதிரிக்குச் சொல்லுகிற பதில். தளபதி வேஷம் கட்டின அணைஞ்சபெருமாளின் குரல். என்ன குரல் அது, மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குப் போகும், கடலை விற்கிறவன்கூட நின்று கேட்பான். ஏழு இரண்டு மூன்று நாலு. நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், சங்கரன்கோவிலில் அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணி ஆட்டம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக ஏற்பாடு செய்தது, தரையில் வரிசையாகப் பாவாடையும் டவுசருமாக எண்ணூறு பிள்ளைகள். தகரக் கொட்டகைக்குள்ளே வேகாளம், வெல்வெட்டுச் சட்டைக்குள் ஆட்கள் அவிந்துகொண்டிருந்தார்கள். கோட்டைச் சுவர் பத்தடி உயரம், பலகை அடித்துச் சாக்கு போர்த்திக் கல் மாதிரி வரைந்தது. பேச்சு முடிந்ததும் அம்பு தைக்கும், தளபதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் விழுவான். விழுகிற இடத்தில் அதுவரை முந்தின சீன் சிம்மாசனம் கிடக்கும். அதை இழுத்துப் போட்டுவிட்டு மாடக்கண்ணு இரண்டு நார் மெத்தையை அடுக்க வேண்டும். பத்து இரண்டு மூன்று, பத்தா பதினொன்றா, பதினொன்று, யூபோனியம் மேலே போய்விட்டது, அது பதினொன்றில்தான் மேலே போகும், பதினொன்று இரண்டு மூன்று நாலு. மெத்தை அடுக்குகிற நேரத்துக்காகத்தான் அந்த எட்டு. பேச்சின் கடைசி வார்த்தையில் வாத்தியார் தலையாட்டுவார், தேவபிச்சை எட்டு எண்ணித் தட்டை அடிக்க வேண்டும். சுவர்மேல் நிற்கிறவனுக்கு முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. தட்டுச் சத்தம் கேட்டால் மெத்தை இருக்கிறது என்று அர்த்தம். கேட்டதும் விழுவான். நூற்றுப் பத்து ஆட்டம் அப்படியே விழுந்திருக்கிறான்.

பதினாறு இரண்டு மூன்று நாலு. டிராம்போன்கள் சேர்ந்தன, எதிரியின் படை சுவருக்கு வந்துவிட்டது. அன்றைக்குத் தேவபிச்சை மேடை ஓரத்துத் தட்டிக்குப் பின்னால் நின்றார், அங்கிருந்து வாத்தியாரின் தலைதான் தெரியும், சுவரின் பின்பக்கம் தெரியாது. சட்டைப்பையில் கடிதம் இருந்தது. அன்றைக்குக் காலையில்தான் வந்தது, ராணுவத்தில் சேர வரச்சொல்லி, பழுப்புக் கவர், வியர்வையில் நனைந்து மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. இருபத்தொரு வயது. பூட்ஸைப் பற்றி நினைத்தார். அதைத்தான் நினைத்தார், இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்தாயிற்று, ஏதாவது பெரிய விஷயமாக இருந்திருக்கக் கூடாதா என்று, அம்மாவின் நோவு, தங்கச்சியின் கல்யாணம், ஒன்றுமில்லை, பூட்ஸ்தான், புது பூட்ஸ் கொடுப்பார்களாமே, பாதம் எந்த அளவு என்று எப்படிச் சொல்வது, நான் செருப்புதானே போட்டிருக்கிறேன். தலையாட்டு வந்தது, ஒன்று, இரண்டு, பூட்ஸ், நாலு, ஐந்து. ஆறு. அடித்துவிட்டார். அடித்த கையிலேயே தெரிந்தது. கைக்குத்தான் முதலில் தெரியும், காதுக்கு அப்புறம். இருபத்திரண்டு. இருபத்திரண்டு இரண்டு மூன்று நாலு. சுவருக்குப் பின்னால் மூட்டையை லாரியிலிருந்து எறிந்தால் கேட்குமே அப்படி ஒரு சத்தம், சிம்மாசனத்தின் கைப்பிடி முறிகிற சத்தமும் அதோடு. எண்ணூறு பிள்ளைகள் கை தட்டினார்கள். கை தட்டி, இன்னும் தட்டி, சில பையன்கள் விசிலடித்தார்கள். அணைஞ்சபெருமாள் கத்தவே இல்லை, அதுதான், கத்தியிருந்தால்கூடக் கொஞ்சம், என்ன கொஞ்சம், என்னதான் ஆகியிருக்கும். இருபத்தாறு. இருபத்தாறுதானா. டிரம்பெட் இன்னும் வரவில்லை, டிரம்பெட் முப்பதில்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது மாடக்கண்ணு மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். இரண்டாவது மெத்தை அவர் முதுகில். தேவபிச்சையின் முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்தாரா. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வந்த கண், எதைப் பார்த்தது என்று யாருக்குத் தெரியும், ஆனால் அந்தப் பார்வை பனிமலையில் கூடாரத்துக்குள்ளும் வந்தது, பரேடு மைதானத்தில் ஆயிரம் பூட்ஸுகளுக்கு நடுவே டிரம்மைக் கட்டிக்கொண்டு போகும்போதும் வந்தது. வேனில் அணைஞ்சபெருமாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது தேவபிச்சைதான். போகும்போது கேட்டார்கள், மெத்தை எங்கல போச்சு, மாடக்கண்ணு என்ன செஞ்சான் என்று, தேவபிச்சை வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத் திறக்கவில்லை, மறுநாள் கம்பெனி முதலாளி எல்லார் முன்னாலும் மாடக்கண்ணுவைக் கன்னத்தில் அறைந்து அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டபோதும் திறக்கவில்லை, பத்தாம் நாள் ரயிலேறிவிட்டார். நல்ல பூட்ஸ்தான் கொடுத்தார்கள். அணைஞ்சபெருமாள் இடுப்பு எலும்பு கூடாமல் அம்பாசமுத்திரத்தில் ஒரு டெலிபோன் பூத்தில் உட்கார்ந்தார், அந்தக் குரலோடு, லைன் பிசி, அப்புறம் வாங்க என்று சொல்லிக்கொண்டு. எட்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். அந்தச் செய்தி கேட்ட அன்று தேவபிச்சை செய்தது இன்னும் அவருக்குக் கூச்சமாக இருக்கிறது, பெருமூச்சு விட்டார், கேள்வி கேட்க ஒரு ஆள் குறைந்தார் என்று. டிரம்பெட். முப்பது. ஆண்டவரே, முப்பது இரண்டு மூன்று நாலு. மூன்றாவது வரிசைக் கிழவர் கண்ணைத் திறந்திருந்தார். கைத்தடியிலிருந்து தாடையை எடுத்துவிட்டார். நிமிர்ந்து, பேண்டைப் பார்க்காமல், ஜெசிந்தாவைப் பார்க்காமல், நேராகப் பின்வரிசைக்கு, காங்குக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைதான். சந்தேகம் போய்விட்டது. போனதும் தேவபிச்சைக்கு வந்தது பயம் இல்லை, அலுப்பு, எலும்புக்குள்ளிருந்து வருகிற அலுப்பு, ஸ்டூலில் உட்கார்ந்துவிடலாம் போல, கட்டையைக் கீழே வைத்துவிட்டு, நீங்களே எண்ணிக்கோங்க அண்ணாச்சி என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. முப்பத்தெட்டு. எல்லாக் குழலும் அடங்கி டியூபாவின் ஒரே சுரம் நின்றது. நாற்பது. நாற்பத்தொன்று. எண்ணிக்கை தப்பவில்லை, அதுதான் வேடிக்கை, நாற்பத்தோரு வருஷமாக ஒரு தடவைகூடத் தப்பவில்லை, பேண்டில் பரிசு வாங்கியிருக்கிறார் அதற்கு. நாற்பத்தைந்து. நாற்பத்தாறு இரண்டு மூன்று நாலு. ஜெசிந்தாவின் இடது கை அவருக்காக நீண்டு, கீழே இறங்கியது.

அவர் அடிக்கவில்லை. கட்டை காங்குக்கு ஒரு முழம் தள்ளித் தூக்கின இடத்திலேயே நின்றது. மெத்தை வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. பலகைச் சுவருக்குப் பின்னால் போய், குனிந்து, கையால் தொட்டு, இரண்டு மெத்தையும் இருக்கிறது என்று தெரிந்த பிறகு வந்து அடிக்கலாம், என்ன அவசரம், யார் ஓடிவிடப் போகிறார்கள். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. டியூபாக்காரருக்கு மூச்சு முடிந்துவிட்டது. புல்லாங்குழல் பிள்ளை ஒன்று தலையைத் திருப்பிப் பார்த்தது. ஜெசிந்தா கையை அப்படியே கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தாள், முகத்தில் கோபமில்லை, இந்தாள் எதற்கோ நிற்கிறார், காரணம் இருக்கும் என்கிற முகம், அவள் அப்பாவின் முகம். ஏழு, எட்டு என்று சொல்லிக்கொண்டார். அடித்தார். வெண்கலம் விரிந்து மண்டபத்தின் நாலு சுவரையும் தொட்டுத் திரும்பி வந்தது, காலடிப் பலகை வழியாக முழங்காலுக்கு ஏறியது, அது முழுவதும் அடங்குகிற வரைக்கும் யாரும் அசையவில்லை. நாலாம் பகுதி நகர்வலம், கொண்டாட்டமான நடை, டிரம்மில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லாத வேலை. கை தானாகச் செய்தது. தோள்பட்டை இரண்டும் தனியே கழன்று விழுந்துவிடும் போல வலித்தது. மூன்றாவது வரிசைப் பக்கம் பார்க்காமலே அடித்து முடித்தார்.

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அந்த நிறுத்தத்தை யார் யோசித்தது, எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு என்று டிரம்பெட்காரர் ஒருத்தர் கேட்டார். ஜெசிந்தா பக்கத்தில் வந்து அவர் முழங்கையைத் தொட்டு, "நல்லா இருந்துச்சு அண்ணாச்சி. அடுத்து மதுரைக் கச்சேரியிலயும் அப்படியே வச்சுக்கிடுவோம். ஆனா ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா, எனக்கு ஈரக்குலையே நடுங்கிட்டு" என்றாள். அவர் தலையை ஆட்டினார். எல்லாரும் டீக்கும் பருப்பு வடைக்கும் முன்பக்கம் போக, அவர் சிம்பல் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினார். வேப்பமரத்தடியில் வேன் நின்றது. வெயில் தாழ்ந்திருந்தாலும் வெளிச்சம் போகவில்லை. வேனின் பின்படியில் உட்கார்ந்தார். இங்கே உட்கார்ந்திருந்தால் அந்த ஆள் வரமாட்டார் என்றும் நினைத்தார், இங்கே உட்கார்ந்திருந்தால் வர வசதியாக இருக்கும் என்றும் நினைத்தார். கைத்தடிச் சத்தம் ஜல்லிக் கல்லில் கேட்டபோது தலையைத் தூக்கவில்லை.

"தேவபிச்சைதான?"

"ஆமா."

"மாடக்கண்ணு."

"தெரியுது" என்று எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் விடவில்லை.

"உக்காரு, உக்காரு." கிழவர் எதிரே நின்றபடியே மூச்சு வாங்கினார். "பேப்பர்ல போட்டுருந்தான். சிகாமணி வாத்தியார் பாட்டு, பேண்டு வாசிக்காங்கன்னு. ஆத்தங்கரைப் பாட்டு அப்படியே வாத்தியார் பொட்டி மாதிரியே இருந்துச்சு. அந்தச் சுண்டு விரல் இழுவைகூட."

தேவபிச்சை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். ரயிலில், தூக்கம் வராத ராணுவ பாரக்கில், சர்ச்சில் முழங்காலில் நிற்கும்போது. நீளமாகச் சொல்லுகிற விதங்கள், கடிதத்தையும் வெக்கையையும் இருபத்தொரு வயதையும் சேர்த்துச் சொல்லுகிற விதங்கள். வாயில் வந்தது ஒரு வரிதான்.

"அன்னைக்கு நான்தான் முந்தி அடிச்சேன்" என்றார்.

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மெத்தையக் கையில வச்சுக்கிட்டு நிக்கும்போது தட்டு கேட்டா, எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்."

"பெறகு ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லாம இருந்திய?"

மாடக்கண்ணு அவரைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. இது தெரியாமல் இவ்வளவு நாள் இருந்திருக்கிறானே என்பதுபோலப் பார்த்தார். "சொன்னேனே. மொதலாளிட்ட சொன்னேன். வாத்தியார்ட்ட சொன்னேன். ஆஸ்பத்திரில அணைஞ்சபெருமாள் வீட்டம்மாட்ட போயிச் சொன்னேன். மெத்தை போடுதவன் சொன்னா யாரு கேக்கா. வாத்தியாரு, அவன் எண்ணிக்கை தப்பாதுல, சும்மா பிள்ளை மேல பழியப் போடாதன்னாரு. அதோட முடிஞ்சு போச்சு."

தேவபிச்சை சிம்பல் உறையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியாதது என்று மூடி மூடி வைத்தது. மூன்று பேரிடம் உரக்கச் சொல்லப்பட்டிருக்கிறது, பட்டப்பகலில். கேட்க ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான். வாத்தியார் கடைசி வரை அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாராமே. நம்பித்தான் சொன்னாரா, தன்னை நம்பவைத்துக்கொள்ளச் சொன்னாரா.

"அணைஞ்சபெருமாளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"ஒருக்கா பூத்துக்குப் போனேன். அவருக்கு அதைப் பத்திப் பேச இஷ்டமில்லை. டீ வாங்கித் தந்தாரு." கைத்தடியை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். "நான் உங்கிட்ட ஒண்ணும் கேட்டு வரலை தம்பி. அரிசி மில்லுல மூட்டை தூக்குனேன், பிள்ளைகளக் கரையேத்துனேன், அதெல்லாம் போயிட்டு. ஒண்ணே ஒண்ணு. எம் மக வந்துருக்கா. அன்னைக்கு அந்த ஆட்டத்துக்கு அவ பள்ளிக்கூடத்துல இருந்துதான் கூட்டிட்டு வந்தாங்க. ஏழு வயசு. மறுநாள் அப்பன அடிக்கதையும் பாத்தா. ஆளு இடுப்ப ஒடிச்சவன் மகள்னு கேட்டே வளந்தவ. சின்னதுல ஒருக்கா சொல்லிப் பாத்தேன். நம்பலை. நீ ஒரு வார்த்தை சொல்லு."

அந்தப் பெண் மண்டபத்தின் மூலையைத் திரும்பி வந்துகொண்டிருந்தாள், குடையும் பிளாஸ்டிக் பையுமாக. "எங்கெல்லாம்ப்பா தேடுதது, மாத்திரை நேரம் ஆச்சு" என்றாள். கிட்ட வந்து தேவபிச்சையைப் பார்த்து, பேண்டு உடுப்பைப் பார்த்து, வணக்கம் வைத்தாள். "வடிவு" என்றார் மாடக்கண்ணு, மகளைக் கூப்பிடுகிறாரா, இவருக்குப் பெயர் சொல்கிறாரா என்று தெரியாதபடி. 

தேவபிச்சை வேனின் கதவைப் பிடித்து எழுந்து நின்றார். இதை உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது என்று பட்டது. "அம்மா, சங்கரன்கோவில்ல அன்னைக்குத் தட்டு அடிச்சது நான். எட்டு எண்ணி அடிக்கணும். உங்கப்பா மெத்தை போடுததுக்குத்தான் அந்த எட்டு. நான் ஆறுல அடிச்சுட்டேன். வேற நினைப்புல இருந்தேன். உங்கப்பா மெத்தையத் தூக்கிட்டு வந்துக்கிட்டுதான் இருந்தாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. நான் சொல்லாம ஊரவிட்டுப் போயிட்டேன்."

வடிவு பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். மண்டபத்தின் முன்பக்கத்தில் யாரோ சிரித்துப் பேசுகிற சத்தம் வந்தது.

"ஆறுலயா" என்றாள்.

"ஆமா."

"எங்கம்மா இருக்கும்போது சொல்லிருக்கலாம். போன வைகாசியிலதான் போனா." குரலை உயர்த்தவில்லை. "கோயில் கொடை விழாவுக்குக்கூட எங்களத் தள்ளித்தான் நிப்பாட்டுவாங்க. அம்மா ஒருநாளும் அப்பாவ ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனா அவளுக்கும் நிச்சயமாத் தெரியாது."

தேவபிச்சை சொல்லிவிட்டால் எங்கேயாவது கொஞ்சம் லேசாகும் என்று நினைத்திருந்தார். லேசாகவில்லை. கால் வலித்தது.

வடிவு அப்பாவின் பக்கம் திரும்பினாள். "எங்கிட்ட இதச் சொன்னியளாப்பா?"

"சொன்னேன் பிள்ளே. ஒருக்கா. ஒனக்குப் பத்துப் பதினோரு வயசு இருக்கும்."

"நான் என்ன சொன்னேன்?"

மாடக்கண்ணு வேப்பமரத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். "ஞாபகம் இல்ல" என்றார்.

அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்பது தேவபிச்சைக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. குடையையும் பையையும் ஒரே கைக்கு மாற்றிக்கொண்டு, அப்பாவின் கையிலிருந்த தடியை வாங்கி, அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் ஜல்லியில் மெதுவாக, ஒரு அடி வைத்து நின்று மறு அடி வைத்து, மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.